காணாமற்போன கொப்பிக்கு யார் பொறுப்பு?

என் மாமா யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் எக்ஸ்றே நிலையத்தில் வேலை செய்தவர். படம் எடுக்கிறது, இருட்டறையில் கழுவுகிறது, காயப்போடுகிறது எல்லாம் அவரும் இன்னொருவரும்தான். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் நான் அங்கே போய் நிற்பேன். ஒரு நாள் கை முறிந்த பிள்ளையோடு ஒரு தாய் வந்திருந்தா. பிள்ளை குழறி அசைந்துகொண்டே இருந்தது. அசைந்தால் படம் கலங்கிவிடும், திரும்ப எடுக்க வேண்டும். மாமா அந்தத் தாயிடம், "தங்கச்சி, நீங்கள் வெளியில நில்லுங்கோ, நான் பிடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் தோளையும் முழங்கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர் தடுப்புக்குப் பின்னால் நின்று சுவிட்சை அமத்தினார். கதிரைத் தடுக்கிற ஈய ஏப்பிரன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக் கழற்றுகிற நேரத்தில் வெளியே இன்னும் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள்.

சட்டைப் பையில் ஒரு பட்ஜ் குத்தியிருப்பார். அதற்குள் ஒரு சின்னப் பிலிம் துண்டு. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு முதலாளியின் மேசை லாச்சிக்குள் இருந்த நீலக் கொப்பியில் ஏறும். மாமா அந்தக் கொப்பியை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. அது தனக்குரியது என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது யார் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது? அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால் கட்டடத்துக்குக் கூரையில்லை. மேசையே இல்லை, பிறகு லாச்சிக்கு எங்கே போவது?

பல வருசம் கழித்து மாமாவுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. அவர் போன பிறகு மாமியைக் கூட்டிக்கொண்டு, நட்டஈடு கேட்டு நான் ஒரு கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். கதிரை தந்தார். பிறகு கேட்டார்: "டோஸ் றெக்கோட் இருக்கோ அம்மா?" அந்த நீலக் கொப்பிக் கணக்கைத்தான் கேட்டார். மாமி என் முகத்தைப் பார்த்தா. அந்தக் கேள்வியோடு எங்கள் அலுவல் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து என் மனதில் கிடக்கிற கேள்வி இதுதான். கொப்பியை எழுத வேண்டியவர் முதலாளி. பாதுகாக்க வேண்டியவரும் முதலாளி. அது தொலைந்தால் மட்டும் நட்டம் ஏன் தொழிலாளியின் மனைவிக்கு?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாமாவின் நோய் எக்ஸ்றேயால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. எந்த வைத்தியராலும் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. கதிர்வீச்சால் வந்த புற்றுநோயும் தானாக வந்த புற்றுநோயும் நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதோடு, பட்டுப் பத்து இருபது வருசம் கழித்தும் வரலாம். மெசினில் விரல் நசிந்தால் அன்றைக்கே காயம் தெரியும், சாட்சி இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. ஆகவே இந்த நோய்க்கு நட்டஈடு கொடுக்கிற எந்தத் திட்டமும் நிகழ்தகவை வைத்துத்தான் நடக்க முடியும். அந்தக் கணக்கில் வருகிற சந்தேகத்தை யார் பக்கம் சாய்ப்பது என்பதில்தான் நிர்வாகத்தின் நியாயமும் அநியாயமும் இருக்கிறது.

பிரித்தானியாவில் 1982 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. அணு எரிபொருள் நிறுவனமும் தொழிற்சங்கங்களும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக் களைத்த பிறகு, சேர்ந்து உட்கார்ந்து உண்டாக்கியது. ஒரே வயது, ஒரே அளவு கதிர், ஒரே நோய் உள்ள 100 பேரை எடுங்கள். அதில் 40 பேருக்குக் கதிரால் வந்தது, 60 பேருக்கு எப்படியும் வந்திருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. யார் அந்த 40 பேர் என்று யாருக்கும் தெரியாது. வழக்கமான நீதிமன்றக் கணக்கில் பாதிக்கு மேல் தேறினால்தான் வழக்கு வெல்லும், ஆகவே 100 பேரும் வெறுங்கையோடு போவார்கள். அந்த 40 பேரும்தான். பிரித்தானியத் திட்டம், நோய் கதிரால் வந்திருக்க 20 வீத வாய்ப்பு இருந்தாலே கொடுக்கத் தொடங்குகிறது. வீதம் ஏற ஏறப் பங்கும் படிப்படியாக ஏறி, 50 வீதத்தில் முழுத்தொகை. முதலாளிமாரும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் இருந்து அதை நடத்துகிறார்கள். எனக்கு அந்த மேசைதான் முக்கியமாகப் படுகிறது. 20 என்ற எண்ணை விஞ்ஞானம் மட்டும் தரவில்லை. இரண்டு தரப்பும் பேசி இறங்கி வந்த இடம் அது.

அமெரிக்காவில் அணு ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 150,000 டொலர், அதோடு வைத்தியச் செலவு. அங்கே எல்லை 50 வீதம்தான். ஆனால் கணக்கு நிச்சயமில்லாமல் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று வரும்போது, அதன் மேல் நுனியை எடுத்துத் தொழிலாளிக்குச் சாதகமாகப் பார்க்கிறார்கள். கதிர் அளவைக் கணக்கிடுவது ஒரு நிறுவனம், விண்ணப்பத்தைத் தீர்மானிப்பது தொழில் திணைக்களம், கணக்கைச் சரிபார்க்க வேறொரு ஆலோசனைச் சபை. இதெல்லாவற்றையும்விட அந்தச் சட்டத்தில் என்னை நிறுத்தி வைத்த பகுதி வேறு. சில இடங்களில் பழைய பதிவுகள் இல்லை, இருந்தாலும் நம்ப முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்த குழுவைத் தனியாக அறிவித்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் உரிய காலம் வேலை செய்து, பட்டியலிலுள்ள 22 வகைப் புற்றுநோயில் ஒன்று வந்திருந்தால் போதும். வீதக் கணக்கே கேட்பதில்லை.

அதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பதிவு இல்லை என்பதே அங்கே தொழிலாளிக்குச் சாதகமான காரணமாகிறது. எங்கள் கந்தோரில் அதே சொல்தான் கதவை மூடியது.

எங்கள் நாட்டில் சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. 2022இல் அதன் உச்சத்தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள். நல்ல விசயம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் அணுசக்தி ஒழுங்குபடுத்தலுக்கென்று தனிப் பேரவையும் வந்தது. ஆக, பாதுகாப்பைப் பார்க்க ஒரு இடமும், நட்டஈட்டைப் பார்க்க இன்னொரு இடமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும் என்கிறேன். பட்ஜ் கணக்கு முதலாளியின் லாச்சியில் மட்டும் கிடக்கக்கூடாது. ஒரு பிரதி ஒழுங்குபடுத்துகிற இடத்திலும், ஒரு பிரதி தொழிலாளியின் கையிலும் இருக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் அடிப்படைத் தரங்களே, தொழிலாளிக்கு 75 வயதாகும் வரைக்கும், வேலையை விட்டு 30 வருசத்துக்குக் குறையாமலும் பதிவைப் பேணச் சொல்கின்றன. ஏன் 30 வருசம்? நோய் அவ்வளவு ஆறுதலாக வரக்கூடியது என்பதால்தான். நட்டஈடு கேட்கிற கால எல்லையும் நோய் கண்டுபிடித்த நாளிலிருந்துதான் ஓட வேண்டும், வேலையை விட்ட நாளிலிருந்து அல்ல.

கதிர் அறையில் நிற்பதற்கென்று சம்பளத்தோடு கொடுக்கிற படியைக் காட்டிச் சிலர், "அதுக்குத்தானே படி குடுக்கிறாங்கள்" என்பார்கள். பாதுகாப்புக்குப் பதிலாகக் கூடுதல் சம்பளமோ லீவோ கொடுக்கக்கூடாது என்று அதே தரங்கள் தெளிவாகச் சொல்கின்றன. படி வாங்கினவனுக்கு ஏப்பிரன் தேவையில்லை என்று ஆகாது.

நோயாளிகள் இதை வாசித்துப் பயப்படாதீர்கள். உடம்பில் படுகிற கதிரை மில்லிசீவெர்ட் என்ற அலகில் அளப்பார்கள். நெஞ்சுப் படம் ஒன்றில் படுவது 0.1 மில்லிசீவெர்ட்டுக்கும் குறைவு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருசத்துக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் எல்லோருக்கும் படுகிறது. வைத்தியர் எழுதித் தந்தால் எடுங்கள். அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ இரண்டிலும் இந்தக் கதிர் கிடையவே கிடையாது. நான் கதைப்பது அதே அறையில் 20, 25 வருசம் நின்றவர்களைப் பற்றி. அவர்களுக்கான எல்லை ஐந்து வருசச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் சீரி ஸ்கான் இருக்கிறது, இருதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்கிற அறை இருக்கிறது, தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை நடக்கிறது. அங்கெல்லாம் நிற்பது எங்கள் பிள்ளைகள்.

தம்பிமார், தங்கச்சிமார், உங்கள் பட்ஜ் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். போனில் படமெடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். பட்ஜை மேசையில் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். அது பதியாத கதிர் பிறகு எந்தக் கணக்கிலும் வராது.

1995க்கு முன் எக்ஸ்றே அறைகளில் வேலை செய்த ஐயாமார் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து எழுதி எடுங்கள். எந்த வருசம் தொடங்கி எந்த வருசம் வரை, ஒரு நாளைக்கு எத்தனை படம், ஏப்பிரன் இருந்ததா, பிள்ளைகளை யார் பிடித்தது, கூட வேலை செய்தவர் யார். திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எழுத ஆளில்லாவிட்டால் எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து எழுதித் தருகிறேன்.