நிகோடின் சூயிங்கம் மெல்லுபவரின் அனுபவம் வேறு
எந்தச் சூயிங்கமானாலும் மெல்லுவதில் கிடைக்கும் இன்பம் ஒன்றுதான் என்று சூயிங்கம் பற்றிய கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் பொதுப்படையாக எழுதியிருப்பது, புகைப்பழக்கத்தை விடுவதற்காக நிகோடின் சூயிங்கம் மெல்லுபவர்களுக்குச் சிறிதும் பொருந்தாது. அவர்களுக்கு அது தின்பண்டமன்று, மருந்து. ஒரு துண்டில் 2 அல்லது 4 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. அக்கட்டுரைக்குக் கருத்திட்டுள்ள நண்பர் ஒருவர், அதை மென்றதும் விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததால் தூக்கியெறிந்துவிட்டதாகக் கூறுகிறார். என் அண்ணனும் அதே காரணத்தைச் சொல்லித்தான் மீண்டும் பெட்டிக்கடைப் பக்கம் போனார். நிகோடின் வாயின் உட்சவ்வு வழியாக இரத்தத்தில் சேர வேண்டும் என்பதால், நாக்கில் உறைப்புத் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு அதைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, உறைப்பு அடங்கியபின் மறுபடி மெல்ல வேண்டும்; ஏறத்தாழ 30 நிமிடங்களுக்கு இதையே தொடர வேண்டும். (புகையிலையை அடக்கிப் பழகிய நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.) சாதாரணச் சூயிங்கத்தைப் போல விடாமல் மென்றால், மருந்து எச்சிலோடு வயிற்றுக்குள் போய், விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் போன்ற அமிலத்தன்மையுள்ளவை நிகோடின் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும் என்பதால், மெல்லுவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும். அண்ணனோ காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு உறையைப் பிரிப்பவர். மருத்துவர் முறையைச் சொல்லிக்கொடுத்த பிறகு அவருக்கு விக்கல் நின்றுவிட்டது, ஆனால் அதன் சுவையை இன்றுவரை திட்டிக்கொண்டுதான் மெல்லுகிறார்.