வீட்டிலிருந்து வேலை: முழு மின்கட்டணத்தையும் வரியில் கழிக்க முடியாது

சிங்கப்பூரில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் முழு மின்கட்டணத்தையும், மேசை நாற்காலி வாங்கிய செலவையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. அது தவறு. நம்பிக் கணக்குக் காட்டி யாரும் அபராதத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையம் அனுமதிப்பது வேலையால் கூடிய செலவை மட்டும்தான், அதுவும் முதலாளி அதைத் திருப்பித் தராதபோது. முன்பு மாதம் 100 வெள்ளி வந்த மின்கட்டணம் இப்போது 140 ஆனால், கழிக்கக்கூடியது 40. கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் ஆளுக்கு 20. மேசை நாற்காலி மூலதனச் செலவு, அதாவது நீண்ட காலம் பயன்படும் பொருளுக்கான செலவு. அது சேராது.

அப்புறம், இந்தத் தொகை குறைவது வருமானத்திலிருந்து. கட்டவேண்டிய வரியிலிருந்து அல்ல. பில்களை 5 ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள், ஆணையம் கேட்கலாம்.