மடியில் பிள்ளையை வைத்துக் காரில் போகாதீர்கள்

ஸ்கூல் லீவு விட்டால் போதும், பின்னேரம் கொழும்பு மரைன் டிரைவில் கார் ஓட்ட நெஞ்சு பதறுகிறது. நேற்று வெள்ளவத்தையில் எனக்கு முன்னால் போன காரில், மேல் கண்ணாடியைத் திறந்து ஒரு சின்னப் பிள்ளை இடுப்புவரை வெளியே நிற்கிறாள். ஐந்து வயது இருக்கும். ஒரு கையில் உருகி வழியும் ஐஸ்கிரீம், மற்றக் கையால் கடலுக்கு டாட்டா. திடீரென ஓட்டோ ஒன்று குறுக்கே திரும்ப, கார் பிரேக் போட்டது. பிள்ளையின் வயிறு கூரை விளிம்பில் மோதியது. அழுதவளை உள்ளே இழுத்து, அம்மா முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டார். அதுவும் ஆபத்துதானே!

எங்கள் வீட்டிலும் இதே கதை. "பம்பலப்பிட்டிக்குத்தானே போறம், பெல்ட் எதுக்கு?" என்கிறார் மச்சான். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். அது மோதி நின்றால் மடியிலுள்ள பிள்ளையை எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. ஏர்பேக் விரிந்தால் முதல் அடி பிள்ளைக்குத்தான். பெரியவரும் பெல்ட் போடவில்லையென்றால் அவருடைய பாரமும் சேர்ந்து நசுக்கும்.

பிள்ளை அழுகிறதாம், அதனால் கழற்றிவிடுகிறார்களாம். அழட்டுமே! என் மகளும் இரண்டு நாள் கத்தினாள். பெல்ட் போடும்வரை நான் காரை எடுக்கவே இல்லை.

நாளைக்கு மச்சான் குடும்பம் நுவரெலியா போகிறது. சின்னவன் முன் சீட்டில் மடியில்தானாம். இன்றிரவே போய்ச் சண்டை பிடிக்கப் போகிறேன்.