அழலைன்னா கொலைகாரனா?

ராத்திரி தூக்கம் வரலைன்னு போனை எடுத்தா போதும், "இன்னைக்கும் விடை தெரியாத மர்மம்"னு ஒரு வீடியோ வந்து நிக்குது. பின்னாடி திகில் மியூசிக், நடுவுல முகத்துக்குப் பூசுற கிரீம் விளம்பரம், அது முடிஞ்சதும் "சரி, இப்ப பாடி கிடைச்ச இடத்துக்கு வருவோம்"னு அதே குஷியான குரல். செத்தது ஒரு மனுஷின்னு ஞாபகம் இருக்கா இல்லையா?

1888ல லண்டன் வைட்சேப்பல்ல கொலை பண்ணவனுக்கு ஜாக் த ரிப்பர்னு பட்டப்பேர் வச்சு இன்னைக்கு வரைக்கும் அந்தத் தெருவுல டூர் நடத்துறாங்க. அவன் கொன்னதா சொல்ற அஞ்சு பொம்பளைங்கள்ல ஒருத்தி பேரைச் சொல்லுங்கன்னா முழிப்பாங்க.

அப்புறம் இந்த வீட்ல உக்காந்த துப்பறியும் புலிங்க இருக்காங்களே! காணாமப் போன பொண்ணோட அப்பா டிவில பேசும்போது அழலையாம், அதனால அவர்தான் பண்ணிருப்பாராம், சரி அழுதா அது நடிப்பாம், அப்ப அந்தாளு என்னதான்யா பண்ணித் தொலைக்கணும்?

ஆஸ்திரேலியால அடிலெய்டு பக்கம் கடற்கரைல 1948ல ஒருத்தர் செத்துக் கிடந்தாரு, பாக்கெட்ல "தமாம் ஷுத்"னு (பாரசீகத்துல "முடிஞ்சது"ன்னு அர்த்தம்) எழுதின ஒரு காகிதத் துண்டு, அவ்ளோதான், உளவாளி, விஷம், ரகசியக் காதல்னு எழுபது வருஷத்துக்கு மேல ஓட்டுனாங்க. 2022ல முடியில இருந்து டிஎன்ஏ எடுத்துப் பாத்து, அவரு கார்ல் வெப், மெல்போர்ன்ல இருந்த எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்னு ஆராய்ச்சியாளருங்க சொன்னாங்க. உடனே இவங்களுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு, உளவாளி இல்லையா, சப்புன்னு ஆயிடுச்சேன்னு. அடப்பாவிகளா, அந்த மனுஷனுக்கு இப்பதான்யா பேரே கிடைச்சிருக்கு.