கடைசியில் வந்த மோர்

எங்கள் முதலாளிக்கு நான் ஒரு தடவை நஷ்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைத் தப்பாகப் படித்து. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மதுரையில் சுங்குடிச் சேலை, துப்பட்டா வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு சின்ன இடத்தில் மெயில் பார்ப்பது என் வேலை. உசிலம்பட்டிப் பக்கம் கிராமம், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கையால் முடிச்சுப் போடும் கூலி ஏறிவிட்டதால் துப்பட்டாவுக்கு 40 ரூபாய் கூட்டுவதுதான் நியாயம் என்று ஒரு லண்டன்காரருக்கு எழுதியிருந்தோம். பதில் ஒரே வரி. 'ஐ குடன்ட் அக்ரீ மோர்.' குடன்ட் என்றால் முடியாது, அக்ரீ என்றால் ஒத்துக்கொள்வது, கடைசியில் ஒரு மோர். "இதுக்கு மேல ஒத்துக்க முடியாதுங்கிறாரு முதலாளி" என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, இருபது ரூவாயாக் குறைச்சு எழுதுப்பா, ஆர்டர் போயிறக் கூடாது" என்றார். எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில்: 40 ரூபாய்க்கே எனக்குச் சந்தோஷம்தான், உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. 600 துப்பட்டா. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கியம் புரிய இங்கிலீஷே வேண்டாம், கல்யாணப் பந்தி போதும். சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் முடிந்து மோரும் ஊற்றியான பிறகு மறுபடி சோற்று வாளியோடு வருகிறவரிடம் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு "இதுக்கு மேல முடியாதுண்ணே" என்கிறோமே, சாப்பாடு பிடிக்கவில்லை என்றா அர்த்தம்? வயிற்றில் இடமில்லை, அவ்வளவுதான். லண்டன்காரரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்: முழுசாக ஒத்துக்கொண்டாயிற்று, இன்னும் ஒத்துக்கொள்ள என்னிடம் மிச்சம் இல்லை. அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது, வம்பே அங்கேதான். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் அகராதியைப் புரட்டியிருப்பேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் காசு கட்டிப் படித்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நூறு இடியம், அதாவது மரபுத்தொடர், அடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்று கொடுத்தார்கள். முதல் வரியே பூனையும் நாயுமாக மழை பெய்கிறது. ஒன்பது வருஷமாக மெயில் பார்க்கிறேன், மழையைப் பற்றி ஒரு வரி எழுதாத லண்டன்காரரே இல்லை, ஆனால் அந்தப் பூனையும் நாயும் இன்னும் வந்து சேரவில்லை. வருவதெல்லாம் புட், கெட், டேக், செட் மாதிரிப் பொடிச் சொற்கள். 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிப் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள். இதை எந்த ஜெராக்ஸ் தாளில் அடிப்பது?

தள்ளிப்போடுவதற்கு போஸ்ட்போன் தெரியும், பொறுத்துக்கொள்வதற்கு டாலரேட் தெரியும், நெருப்பை அணைப்பதற்கு எக்ஸ்டிங்க்விஷ்கூடத் தெரியும். அதையே 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்' என்று எழுதினால் முழிக்கிறோம். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் சட்டத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் உட்கார்ந்துகொண்டன, அடுப்படியிலும் வயலிலும் பழைய சொற்களே ஓடின. போஸ்ட்போன் வகையறா லத்தீன் வழி வந்தது, புட் பழைய சொல். நம் பாடப்புத்தகம் நமக்கு அரண்மனை வாசலைக் காட்டியது, அவர்கள் பேசுவதோ அடுப்படியில்.

நாம் மட்டும் என்ன லேசா? ஒருவர் 'ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்' என்றால் நிம்மதி. அந்த 'ஊருக்கு' என்பதை எடுத்துவிட்டு வெறுமனே 'போய்ச் சேர்ந்தார்' என்றால் மாலை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். வெள்ளைக்காரர் ஒருவர் அகராதியில் 'போ', 'சேர்' இரண்டையும் பார்த்துவிட்டு வந்து நம்மிடம் என்ன பாடு படுவார்!

சில சொல் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் வெட்டும். பேங்கில் லோன் சாங்ஷன் ஆனால் அப்பா சாமிக்குத் தேங்காய் உடைப்பார். 2022-ல் ரஷ்யாவுக்கு சாங்ஷன் என்று நியூஸில் ஓடியபோது "அவனுக்கு எவன்டா லோன் குடுத்தது?" என்று கேட்டார். அனுமதியும் அதுவே, தடையும் அதுவே. அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எனக்கில்லை, 12,000 ரூபாய் கொடுத்துப் பாடம் படித்தவன் நான்.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன். தனிச் சொல் எழுதுவதே இல்லை. முழு வாக்கியம், யார் யாருக்கு எழுதியது, அதற்குப் பிறகு என்ன நடந்தது, இவ்வளவுதான். பணம் வந்ததா, சண்டை வந்ததா என்பதை வைத்தே பாதி அர்த்தம் பிடிபட்டுவிடும்.

போன மாசம் அதே லண்டன்காரர், 'வி குட் டூ வர்ஸ் தேன் ஸ்டார்ட் வித் த ப்ளூ ஒன்ஸ்' என்று எழுதியிருந்தார். நீலத்தில் ஆரம்பிப்பது நல்ல யோசனைதான் என்கிறார். முதலாளி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "வர்ஸ்னு இருக்கேப்பா, மோசம்ங்கிறாரா? எதையாச்சும் குறைக்கணுமா?" என்றார்.

"முதலாளி, நீங்க பேசாம டீயக் குடிங்க" என்றேன்.