மூன்று ஸ்லைடுகள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், மற்றவர்கள் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். நான்கு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். "சின்ன விஷயம், விடுங்க அண்ணா" என்று இன்பாக்ஸில் வந்து சமாதானம் சொன்னார்கள். சின்ன விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நாளின் நினைவுக்காக, போரும் ஜப்பானிய ஓவியமும் என்று ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 14 ஸ்லைடு அனுப்பினேன். மேடையில் நின்று ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறேன், திரையில் வேறு படம் நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் 11தான். மூன்றைத் தூக்கியிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கி வந்து கேட்டேன். "துக்க நாள் சார். ஜப்பான்காரங்களையே குத்தம் சொல்ற மாதிரி இருந்துச்சு" என்றார்கள்.

அந்த மூன்றும் எவை? மருக்கி தம்பதியின் 'காகங்கள்'. கஸுக்கி யாசுவோவின் '1945'. ஃபுஜிதாவின் அட்டு தீவுப் படம். மூன்றையும் வரைந்தவர்கள் ஜப்பானியர்கள்தான். முதல் இரண்டில் தன் நாட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பது வரைந்தவர், நான் இல்லை. மூன்றாவது, அந்தப் போருக்குள்ளேயே நின்று வரைந்தது. இவற்றை எடுத்துவிட்டு மிச்சத்தைக் காட்டினால் அது பாதி. பாதியைக் காட்டிவிட்டு முழுசு என்று சொல்லாதீர்கள். எனக்கு இதைத் தவிர வேறு கோரிக்கை இல்லை.

மருக்கி இரியும் தோஷியும் கணவன் மனைவி. இரி ஹிரோஷிமாக்காரர், மை ஓவியர். தோஷி வடக்கே ஹொக்கைடோவில் பிறந்தவர், எண்ணெய் வண்ணம் பயின்றவர். குண்டு விழுந்த சில நாளில் சொந்தங்களைத் தேடி ஊருக்குள் போனார்கள். அந்த நாட்களில் பார்த்ததை வரைய ஐந்து வருடம் ஆனது. முதல் படமான 'பேய்கள்' 1950-இல் வந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலம் அது. குண்டு என்ன செய்தது என்று காட்டும் புகைப்படங்கள்கூட ஜப்பானிய மக்களுக்குப் பரவலாகக் கிடைக்காத நேரம். அதன் பிறகு 1982 வரை மொத்தம் 15 படங்கள். ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் அகலம். தோஷி உடல்களைக் கோடு கோடாக வரைவார். இரி வந்து அதன் மேல் மையை ஊற்றுவார். மறைந்துபோன முகத்தைத் தோஷி மறுபடி வரைவார். மறுபடி மை. அந்த உடல்கள் புகையிலிருந்து வெளியே வருகின்றனவா, புகைக்குள் போகின்றனவா என்று நமக்குத் தெரியாமல் போவதற்கு இந்த இழுபறிதான் காரணம்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் பிடிக்கும். இங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கும் மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் மருக்கிகள் நிறுத்தவில்லையே! 1970-இல் இந்தப் படங்கள் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே ஒருவர் கேட்டார்: சீனாவின் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையை ஒரு சீன ஓவியர் வரைந்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தால் என்ன செய்வீர்கள்? கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எங்கள் ஊர் எரிந்ததைக் காட்ட வந்திருக்கிறோம், எங்களிடமா இதைக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர்கள் ஊருக்குத் திரும்பி வரைந்தார்கள். 1971-இல் 13-ஆவது படம், ஹிரோஷிமாவில் கைதிகளாக இருந்து செத்த அமெரிக்கப் படையினரைப் பற்றி. 1972-இல் 14-ஆவது, 'காகங்கள்'. 1975-இல் நான்ஜிங்கையே வரைந்தார்கள்.

'காகங்கள்' கொரியர்களைப் பற்றியது. வேலைக்காக ஜப்பானுக்கு இழுத்து வரப்பட்டு, ஜப்பானியர்களோடு சேர்ந்து குண்டில் செத்த கொரியர்கள். செத்த பிறகும் அவர்களுடைய பிணங்களைத்தான் கடைசியாக எடுத்தார்கள். அதுவரை காகம் கொத்தியது.

டோக்கியோவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்துக்காகவே சைதாமா பக்கம் ஹிகாஷி-மட்சுயாமாவுக்குப் போனேன். 1967-இல் மருக்கிகளே தொடங்கிய காட்சியகம், தோக்கி ஆற்றை ஒட்டி மரங்களுக்கு நடுவே இருக்கிறது. அன்றைக்குக் கூட்டமே இல்லை. 'காகங்கள்' முன்னால் நின்றபோது முதலில் வெறும் கறுப்புதான் தெரிந்தது. கண் பழகப் பழக அந்தக் கறுப்பு இறக்கையாகிறது, அலகாகிறது, கீழே உடம்பாகிறது. அதற்கு நடுவில் கொரியப் பெண்கள் உடுத்தும் வெள்ளை உடுப்பு மட்டும் மிதக்கிறது. உள்ளே ஆள் இல்லை. வெறும் துணி. எனக்குக் கால் நகரவில்லை. வெளியே வந்து ஆற்றைப் பார்த்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தைத்தான் "குத்தம் சொல்ற மாதிரி இருக்கு" என்று எடுத்தீர்கள்.

கஸுக்கி யாசுவோ, ஜப்பான் பிடித்து வைத்திருந்த வடகிழக்குச் சீனாவில், அதாவது மஞ்சூரியாவில், சிப்பாய். போர் முடிந்ததும் சோவியத் படையிடம் சிக்கி, சைபீரிய முகாமில் கிடந்து, 1947-இல் ஊர் திரும்பினார். சைபீரியத் தொடர் என்று 57 படங்கள் வரைந்தார். முகாமுக்குப் போகும் ரயிலிலிருந்து ஒரு பிணத்தைப் பார்த்திருக்கிறார். தோல் உரிக்கப்பட்டு, தசை தெரிய, சிவப்பாகக் கிடந்தது. உள்ளூர் மக்களின் வெறுப்புக்குப் பலியான ஜப்பானியன் என்று நினைத்தார். ஊர் திரும்பிய பிறகு, குண்டில் கருகிய கரிய பிணத்தின் படத்தைப் பார்த்தார். நாடு முழுக்கக் கரிய பிணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அவர் மனசில் நின்றது சிவப்புப் பிணம். கரிய பிணத்தை வைத்து நாம் பாதிக்கப்பட்டவர்கள் என்று மட்டும் பேசினால் போதாது, நாம் செய்ததைப் பற்றிச் சிவப்புப் பிணம் கேட்கும் கேள்விக்கும் பதில் வேண்டும் என்று எழுதினார். 1959-இல் வரைந்த '1945' அந்தப் பிணம்தான். அந்தப் படத்தை எடுத்துவிட்டு அவருடைய வேறொரு படத்தைப் "பனியும் தனிமையும்" என்று விளக்கினால் என்ன அர்த்தம்?

ஃபுஜிதா விஷயத்தில் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் படம் சிக்கலானதுதான். பாரிஸில் பால்வெள்ளை மேனிப் பெண்களையும் பூனைகளையும் வரைந்து பேர் வாங்கியவர், 1943-இல் அலாஸ்கா பக்கத்து அட்டு தீவில் அமெரிக்கப் படையோடு மோதி ஜப்பானியக் காவல்படை அநேகமாக மொத்தமாக அழிந்ததை வரைந்தார். சேற்று நிறம், உடல் மேல் உடல், யார் யாரைக் குத்துகிறார்கள் என்றே தெரியாது. அதன் முன்னால் நின்று மக்கள் கும்பிட்டார்கள் என்கிறார்கள். அது போருக்கு ஆள் சேர்த்த படமா, போரைக் கண்டு நடுங்கிய படமா? எனக்கு நாளுக்கு ஒரு பதில் தோன்றுகிறது. போருக்குப் பிறகு எல்லோரும் அவர் மேல் பழியைப் போட, 1949-இல் ஜப்பானை விட்டே போனார். இந்தப் படத்தையும் சேர்த்து 153 போர் ஓவியங்களை அமெரிக்கா கொண்டுபோய், 1970-இல் "காலவரையற்ற கடன்" என்று ஜப்பானுக்குத் திருப்பிக் கொடுத்தது. சிக்கலான படம் என்றால் மேடையில் பேச வேண்டும். ஸ்லைடைத் தூக்கக் கூடாது.

இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"கலையில் அரசியல் எதுக்கு?" இதற்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

"ஜப்பான்லயே இதையெல்லாம் காட்டத் தயங்குறாங்களே?" உண்மை. 2019-இல் ஜப்பானின் ஐச்சி கலைவிழாவில், ஜப்பானியப் படை பாலியல் அடிமைகளாக்கிய பெண்களின் நினைவாகச் செய்த கொரியச் சிறுமி சிலை இருந்த பகுதியை மூன்றே நாளில் மூடினார்கள். மிரட்டல்கள் வந்தன. அங்கே கலைஞர்கள் போராடி, அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். நம்மை யார் மிரட்டினார்கள்? ஒருவரும் இல்லை. நாமாகவே எடுத்தோம்.

"அப்போ குண்டு போட்டது சரின்னு சொல்றியா?" வீடியோவுக்குக் கீழே ஒருவர் இப்படியே கேட்டிருக்கிறார். 30 பேர் லைக் போட்டிருக்கிறார்கள். அதில் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. 15 படங்களில் 'காகங்கள்' ஒன்று, மற்ற எல்லாப் படத்தையும் நான் வருடக்கணக்காகப் பேசி வருகிறேன். 'நீர்' படத்தில் குழந்தையை இறுக்கிப் பிடித்திருக்கும் தாயைப் பற்றிப் பேசும்போது என் குரல் உடைந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். குண்டு மகா பாவம். அதை வரைந்த அதே கைதான் 'காகங்களையும்' வரைந்தது. இரண்டும் ஒரே மனசில் இருக்கலாம் என்று மருக்கிகளுக்குப் புரிந்தது. உங்களுக்கு ஏன் புரியவில்லை?

எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்டால் இதையும் சொல்ல வேண்டும். பாட்டி மலாயா ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துக்கு லாரி வந்து, சயாம் ரயில் பாதை, அதாவது தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போகும் பாதை, போட ஆள் எடுத்தது. 1942-43-இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தமிழர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் அந்தக் காட்டிலேயே காலராவிலும் பட்டினியிலும் போனார்கள். பாட்டியின் அண்ணன் அந்த லாரியில் ஏறியவர். திரும்பி வரவில்லை. செத்த தேதி தெரியாது, அதனால் திதி இல்லை. ஆடி அமாவாசைப் படையலில் அவருக்கென்று ஒரு இலையைத் தள்ளிப் போடுவாள். "சயாமுக்குப் போனவனுக்கு" என்பாள். பேரைச் சொல்ல மாட்டாள்.

எனக்குத் தெரிந்து எந்த ஜப்பானிய ஓவியரும் அவரை வரையவில்லை. கொரியனுக்காக வரைந்தார்கள், சீனனுக்காக வரைந்தார்கள். அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தள்ளிப் போட்ட இலைதான் ஞாபகம் வந்தது. இதை மேடையில் சொல்வதாக இருந்தேன். படம் வரவில்லை, சொல்லவும் முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 14 ஸ்லைடும் இருந்தால் வருகிறேன். மூன்று படங்களையும் முதல் கமென்ட்டில் போட்டிருக்கிறேன். 'காகங்களை'ப் போனில் பார்க்காதீர்கள், எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.