மோதிரத்தைத் தேச்சவரும் சீட்டைத் தேச்சவனும்

ஏவே, சீட்டுக்கட்டுச் சீட்டைத் தேச்சா நம்பர் மாறுமாவே? யாராவது பதில் சொல்லுங்க. நேத்து ராத்திரிலேருந்து மண்டைக்குள்ள இது ஒண்ணுதான் ஓடிக்கிட்டு கெடக்கு.

ஞாயித்துக்கிழமையும் அதுவுமா மச்சினன் பெண்டிரைவைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கான். "அத்தான், அந்தச் சூதாட்டப் படம்னு உசுர விடுவீங்கள்லா, அதோட ரெண்டாம் பாகம் கெடச்சிருக்கு." எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. 1989-ல வந்த ஹாங்காங் படம் 'காட் ஆஃப் கேம்ப்ளர்ஸ்'னா சும்மாவா? திருநெல்வேலி டவுண்ல சந்திப் பிள்ளையார் முக்குப் பக்கம் வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து, சைக்கிள் கேரியர்ல கட்டி, ஒரு கல்லுல குதிச்சுரக் கூடாதுன்னு பைய உருட்டிக்கிட்டே வந்து பாத்த படம். அதுல ஹீரோ சௌ யுன்ஃபட் தலைய வழிச்சு வாரிக்கிட்டு கோட்டோட நடந்து வந்த வரத்தைப் பாத்துட்டு, மறுநாள் எங்க தெருவுல ஒரு வீட்டுலயும் தேங்கா எண்ணெ மிச்சம் இல்ல.

நானும் விவரமாத்தான் கேட்டேன். "மாப்ள, சௌ இருக்காரா?" "இருக்காரு அத்தான்." பாவி பொய் சொல்லல. சௌ இருக்காருதான். ஆனா அது காமெடி நடிகரு ஸ்டீபன் சௌ! ரெண்டு பேருக்கும் குடும்பப் பேரு ஒண்ணுன்னா, ஆளும் ஒண்ணாவே?

சாப்பாட்ட சீக்கிரமே முடிச்சு, கடையில போய் பத்து ரூவா சாக்லேட்டு நாலு வாங்கியாந்து உக்காந்தேன். முதல் படத்துல அவரு சாக்லேட்டு திம்பாருல்லா, அந்த மரியாதைக்கு. படம் ஓடுது. முதல் படத்துல சௌ யுன்ஃபட்டுக்குச் சீடனா வந்த ஆண்டி லாவ் வாராரு. சரி, சீடன் வந்தா பின்னாலயே குரு வருவாருன்னு பாத்தா, இந்த ஸ்டீபன் சௌ பய வாரான். கூடவே அவன் மாமாக்காரன். அரை மணி நேரமாச்சு, ஒரு மணி நேரமாச்சு. "இப்ப வந்துருவாரு அத்தான்"னு மச்சினன் சொல்லச் சொல்ல நானும் மாப்பிள்ளைக்கு வாசலப் பாத்த பொண்ணு வீடு மாதிரி உக்காந்திருக்கேன். அப்பத்தான் அந்தப் பய சீட்டை ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சான்.

தேய்க்கான். நானும் பாக்கேன். மறுபடியும் தேய்க்கான். முழி பிதுங்குது, மூஞ்சி கோணுது, உடம்பு பூரா ஆடுது, பேதிக்குப் போக எடமில்லாதவன் மாதிரி நெளியுதான். அப்பவும் தேய்ப்பு நிக்கல. சத்தம் கேட்டு அடுக்களையிலேருந்து எட்டிப் பாத்த எங்க வீட்டுக்காரி, "இந்தப் பயல இங்கன அனுப்புங்க, தேய்க்க ஒரு அண்டா பாத்திரம் கெடக்கு"ன்னா. கடைசியில கையத் தொறந்தா, சீட்டு மாறிட்டாம்! மந்திர சக்தியாம்! அவனுக்கு என்ன சீட்டு வேணுமோ அது வந்துருமாம்.

அப்ப என்ன எழவுக்குவே சூதாட்டம்? தோக்கவே மாட்டான்னு தெரிஞ்ச பொறவு நான் எதுக்கு நகத்தைக் கடிக்கணும்?

முதல் படத்துலயும் நம்ம சௌ யுன்ஃபட் தேச்சாரு. மோதிரத்தை. எதிராளி பழைய ஆட்டத்து வீடியோவையெல்லாம் போட்டுப் போட்டுப் பாத்து, இந்தாளு கையில நல்ல சீட்டு இல்லாம புளுகும்போது மட்டும் மோதிரத்தைத் தேய்க்காருன்னு கண்டுபிடிச்சு வெச்சிருப்பான். கடைசி ஆட்டம். இவரு மோதிரத்தைத் தேய்க்காரு. சிக்கினான்டான்னு அவன் இருக்கதையெல்லாம் கட்டுதான். ஆனா அந்தப் பழக்கமே அவனுக்காகன்னு இவரு வேணும்னே வெச்சுக்கிட்டது. இதுல எங்கவே மந்திரம் இருக்கு? பூராவும் மூளை.

எங்க பெரிய மாமா இதைக் களக்காட்டுல ஒரு கல்யாண வீட்டு மாடியிலயே செஞ்சு காட்டினாவ. ரம்மி ஆடும்போது கையில ஜோக்கர் வந்தா இடது காதைச் சொறிவாவ. வருசக்கணக்கா எங்களுக்குத் தெரியும், அவுகளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டோம். அன்னைக்கு ராத்திரி சும்மா சும்மா சொறிஞ்சாவ. நாங்க பயந்து, டிராப், டிராப்புன்னு ஆட்டத்தை விட்டுட்டுச் சீட்டைக் கவுத்துனோம். ஆட்டத்துக்கு இருவது பாயிண்டு போச்சு. காதைத் தொடாத ஆட்டத்துல தைரியமா நின்னா, ரெண்டே சுத்துல சீட்டைக் கவுத்தி ஷோ அடிச்சு எங்க தலையில எம்பதைக் கட்டிட்டாவ. விடியும்போது எங்க நாலு பேருகிட்டயும் பஸ்ஸுக்குக் காசு இல்ல. மாமாதான் டிக்கெட் எடுத்துக் கூட்டியாந்தாவ. அந்த மனுசன் சீட்டையா தேச்சாரு?

எல்லாத்துக்கும் முதல் படத்தை எடுத்த அந்த டைரக்டர் வாங் ஜிங்கைச் சொல்லணும். முதல் படம் ஓடின ஓட்டத்தைப் பாத்து, வேற கூட்டம் ஒண்ணு அதைக் கேலி பண்ணி 1990-ல இந்த ஸ்டீபன் சௌவை வெச்சு 'ஆல் ஃபார் த வின்னர்'னு எடுத்திருக்கு. சீட்டைத் தேய்க்க கோட்டித்தனம் பூரா அங்க ஆரம்பிச்சதுதான். அது ஹாங்காங்குல அந்த வருசத்துலயே பெரிய வசூல். இவருக்கு ரோசம் வரணுமா, வேண்டாமா? அதே வருசம் டிசம்பர்ல கேலி பண்ணினவனையே கூட்டியாந்து ரெண்டாம் பாகத்துல உக்கார வெச்சுட்டாரு. மாங்கா களவாண்டவனையே தோப்புக்குக் காவல் வெச்ச கதை. 1991-ல மூணாம் பாகம். அதுல இவன் 1937-ம் வருசத்து ஷாங்காய்க்கே போயிருதான். நம்ம ஆளு திரும்பி வந்தது 1994-லதான். மச்சினன் பெண்டிரைவுல அது இருக்காவே? இல்ல. அது மட்டும் இல்ல.

"முதல் படம் மட்டும் என்ன தேவாரமா அத்தான்?"னு கேக்கான். பக்கத்து வீட்டு இந்தியருக்குன்னு ஆண்டி லாவ் வெச்ச பொறியில சூதாட்டச் சக்கரவர்த்தி வந்து மாட்டி, மண்டையில அடிபட்டு, பச்சப்புள்ளையா மாறி சாக்லேட்டு கேட்டு அழுதது காமெடி இல்லையாம். காமெடிதான்வே, யாரு இல்லன்னா? ஆனா சிரிக்கும்போதே இந்த மனுசன் தேறுவானா மாட்டானான்னு வயித்துக்குள்ள ஒண்ணு கெடந்து பிசையும்லா. இதுல என்ன பிசையுது?

இப்படி நான் கத்திக்கிட்டு இருக்கும்போதே டிவியில அவன் மறுபடி தேய்க்க ஆரம்பிச்சுட்டான். பக்கத்துல அந்த மாமாக்காரன் மூஞ்சி. எனக்கே தெரியாம 'கெக்'னு ஒரு சத்தம் வந்துட்டு. மச்சினன் திரும்பிப் பாத்தான். பொரை ஏறிட்டுன்னேன். அவன் நம்பல. அடுத்த தேய்ப்புக்கு நம்ம வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு, கண்ணுல தண்ணி வர சிரிச்சாச்சு. அந்தக் கடுப்புதான் இன்னும் ஆற மாட்டேங்கு.

அது கெடக்கட்டும். இந்தப் பத்து ரூவா சாக்லேட்டுக்காரனைக் கேக்க ஒரு நாதியும் இல்லையாவே? கவரு என் உள்ளங்கை அளவுக்கு இருக்கு. பிரிச்சா உள்ள காத்து. காத்துக்குக் கீழ, மூலையில, கட்டைவிரல் நகம் பெருசுக்கு ஒரு துண்டு ஒளிஞ்சுக்கிட்டு கெடக்கு. நாலையும் பிரிச்சாச்சு, நாலும் அந்த லட்சணம்தான். மச்சினன் போன பொறவு, யாரும் பாக்கலன்னு ஒரு தடவை எடுத்து ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சு தேச்சும் பாத்துட்டேன்.

பெருசாகல. உருகி, கையெல்லாம் பிசுபிசுன்னு ஆனதுதான் மிச்சம்.